அடைக்கக் கூடாத ஓட்டை

எங்கள் பயண வண்டியின் தரையில், அடுப்பு மேடைக்கு நேர் கீழே, இரும்பு வலை பொருத்திய ஓர் ஓட்டை இருக்கிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடலாம், அவ்வளவுதான் அதன் அளவு. அதைவிடச் சற்றுப் பெரிய இன்னொன்று, மழைச்சாரல் உள்ளே வராதபடி சாய்ந்த தகடுகளோடு, கூரையை ஒட்டிய பக்கச் சுவரில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில், இந்த இரண்டையும் நாங்களே எங்கள் கையால் அடைத்தோம். கீழே இருந்ததில் அப்பா பழைய வேட்டித் துண்டைச் சுருட்டிச் செருகினார். மேலே இருந்ததன் மீது நான் பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன். அடுப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவிலிருந்து தப்பி, அன்று உள்ளே இருந்த நான்கு பேரும் இன்று நலமாக இருக்கிறோம் என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

எங்கள் வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த பிறகு, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் நிதானமாகச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு வந்தது. சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் திருநாகேசுவரமும் வீட்டுக்குப் பக்கம். திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் கடற்கரைப் பக்கம். திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது. ஒரே நாளில் ஒன்பதையும் காட்டிவிடும் வேன்காரர்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை; நேரத்துக்குச் சாப்பாடு, அதுவும் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்பதால் அந்த ஓட்டம் அவர்களுக்கு ஒத்துவராது. ஆகவே படுக்கைகள், சிறிய சமையல் மேடை, கழிவறை எல்லாம் அமைத்து, மோட்டார் கேரவன் என்று முறையாகப் பதிவும் செய்திருந்த பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். அதை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னார்: "சார், அந்த ரெண்டு ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் தோன்றும். முற்றத்து ஜலதாரை வழியே பாம்பு வரும் என்று இரவில் துணியை அடைப்போம். அறுவடைக் காலத்தில் வயலெலி வீட்டுக்குள் வரும் என்று கதவிடுக்கில் சாக்கு போடுவோம். கொசுவுக்காக ஜன்னலையும், வாடைக்காற்றுக்காகக் கதவையும் சாத்துவோம். ஓட்டு வீட்டில் இதனால் எதுவும் கெட்டுவிடாது. ஓடுகளின் இடைவெளியே காற்றுக்குப் போதும், முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கும். தகரமும் கண்ணாடியும் ரப்பர் பட்டையும் கொண்டு நான்கு புறமும் இறுக்கிய ஒரு பெட்டிக்குள் அதே பழக்கத்தை எடுத்துச் சென்றதுதான் நாங்கள் செய்த தவறு.

அன்று சீர்காழிக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் வளைகாப்பு. வீடு நிறைய உறவினர்கள் இருந்ததால், தோட்டத்துத் தென்னை மரங்களுக்கு இடையே வண்டியை நிறுத்தி நாங்கள் அதிலேயே தங்கினோம். பிற்பகலிலிருந்தே அடைமழை. வீட்டு அடுப்புகள் எல்லாவற்றிலும் மறுநாளைக்கான பலகாரம் ஏறியிருந்ததால், நனைந்து வந்த பெரியவர்கள் குளிக்க வெந்நீரை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். மாமா வீட்டிலிருந்து ஒரு பெரிய அலுமினியக் குண்டானை வாங்கி வந்து இரண்டு பர்னர்களுக்கும் மேலாக வைத்தேன். அதன் அடி அடுப்பின் முழு அகலத்தையும் மறைத்தது. கீழேயிருந்து ஈரக்காற்றும் கொசுவும் வந்ததால் அப்பா வேட்டித் துண்டைத் தேடினார். மேல் ஓட்டையில் சாரல் அடித்ததால் நான் பிளாஸ்டிக் தாளைத் தேடினேன். கூரைத் திறப்பையும் மூடினோம். கதகதப்பாக, மிகவும் சுகமாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னல் கண்ணாடிகளில் நீர் முத்துமுத்தாகக் கோத்து, கோடு கோடாக வழியத் தொடங்கியது. வெளியே மழை என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. அத்தைக்கு நெற்றிப்பொட்டில் வலி, அம்மாவுக்குக் குமட்டல். காலையிலிருந்து வெறும் வயிற்றில் காப்பியாகக் குடித்ததால் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று அத்தை தானே நோயைக் கண்டறிந்து, இஞ்சியும் எலுமிச்சையும் கேட்டார். அப்பா பேசிக்கொண்டே இருந்தவர் பாதிப் பேச்சில் கண்ணயர்ந்தார். இஞ்சியை நறுக்க எழுந்த எனக்குக் கால்கள் கனத்தன. குண்டானின் விளிம்புக்கு வெளியே தீயின் நாக்குகள் மஞ்சளாக நீண்டு ஆடியதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மூளை மந்தமாகிப் போவதே இந்த நஞ்சின் முதல் வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

குடையோடு வந்த மாமாதான் எங்களைக் காப்பாற்றினார். "அக்கா, சாப்பிட வாங்க" என்று இரண்டு முறை அழைத்தும் பதில் வராததால் கதவைத் திறந்தவர், "என்ன இது, உள்ள இப்படிப் புழுங்குது!" என்று சொல்லிக்கொண்டே முதலில் அடுப்பை அணைத்தார். அத்தையால் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை. நான்கு பேரையும் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஈரக்காற்று முகத்தில் பட்ட கால் மணி நேரத்தில் எனக்குத் தலை தெளியத் தொடங்கியது. அத்தைக்குத் தெளியவில்லை என்பதால் காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர், விரலில் மாட்டும் கருவியில் 98 என்று வந்ததைப் பார்த்துவிட்டு, நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்ததா என்று கேட்டார். ஆம் என்றோம். யாருக்காவது காய்ச்சல் உண்டா என்றார். இல்லை. "உள்ளே என்ன எரிந்துகொண்டிருந்தது?" என்பது அவருடைய மூன்றாவது கேள்வி. அதற்குப் பதில் கேட்டதும் அத்தைக்கு உடனே ஆக்ஸிஜன் முகமூடி வைத்து, இரத்த மாதிரியையும் எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார். அந்த 98-ஐ நம்பக் கூடாது என்று அவர் விளக்கியதை நான் மறக்கவே மாட்டேன். கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய இரத்தமும் நல்ல சிவப்பாகவே இருப்பதால், ஒளியைப் பாய்ச்சி நிறத்தைப் பார்க்கும் அந்தச் சிறு கருவி, ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் என்றே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறையவே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். ஆகவேதான் மருத்துவமனைக்குப் போனதும் "மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தது" என்ற செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தலைவலி, குமட்டல் என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக் கூடும். வளைகாப்புக்குரிய மருமகள், கூட்டத்தில் முடியவில்லை என்று அன்று மாலை வண்டியில் வந்து படுத்துக்கொள்வதாக இருந்தாள். தாயின் இரத்தத்தைவிடக் கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தை இந்த வாயு இன்னும் வலுவாகப் பிடிக்கும் என்று அந்த மருத்துவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்.

இதைப் பற்றி நான் பிறகு படித்தவற்றில் என்னை மிகவும் கலங்க வைத்தது ஒரு சின்ன விஷயம். எங்கள் தாத்தா காலத்தில், நெடுநாள் பயன்படாத பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கும் முன், கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. அது சரியான அறிவு. கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கியிருந்தாலோ ஆக்ஸிஜன் குறைந்திருந்தாலோ சுடர் தாங்காது. இதைக் கேட்டு வளர்ந்ததால், தீ எரிகிறவரை காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் ஆழமாக நம்பியிருந்தேன். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் இந்தச் சோதனை உதவாது. காற்றில் 10 லட்சம் பங்குக்கு 1,600 பங்கு, அதாவது நூற்றுக்கு 0.16 பங்கு இருந்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்து. அந்த அளவில் சுடர் சிறிதும் சலனமில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். நம் செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் "விஷவாயு தாக்கி" என்ற ஒரே சொல்லில் எழுதிவிடுவதால், கரியமில வாயுவும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. முன்னது முழுமையாக எரிந்த எரிபொருளின் புகை. பின்னது காற்றுப் பற்றாமல் அரைகுறையாக எரிந்ததன் புகை. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணில் எரிச்சலும் கிடையாது.

அடுப்புக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டு ஓட்டைகளின் மீதும் தனி மரியாதை வந்துவிடும். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று தேவை. எங்கள் வண்டியின் உள்வெளியே அவ்வளவுதான் இருக்கும். இரண்டு பர்னர்களை ஒரு மணி நேரம் எரியவிட்டால் சுமார் 300 கிராம் எரிவாயு செலவாகும் என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்குள் இருக்கும் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடுப்பு எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை நான்கு பேர் சுவாசிக்க வேண்டும். ஆக்ஸிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரியும், அரைகுறையாக எரிய எரிய நஞ்சு கூடும். அதே 300 கிராம் எரியும்போது அரை லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவியும் உண்டாகும். அன்று கண்ணாடியில் வழிந்த நீரில் குண்டானின் ஆவியோடு தீ உண்டாக்கிய நீரும் கலந்திருந்தது. இப்போதெல்லாம் சமைக்கும்போது கண்ணாடி வியர்த்தால், காற்றோட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு கூரைத் திறப்பை இன்னும் சற்று உயர்த்துகிறோம்.

குண்டானும் ஒரு குற்றவாளிதான். பர்னரைவிட மிகப் பெரிய, குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்தால், தீ எரிந்து முடியும் முன்பே அதன் அடியில் மோதிக் குளிர்ந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து காற்று வரும் வழியும் மறைந்துபோகிறது. பூஜை அறையில் குத்துவிளக்கின் சுடர் மஞ்சளாக இருப்பதுதான் அழகு. அந்த மஞ்சள், சுடருக்குள் தணலாக மின்னும் கரித்துகளின் நிறம். எரிவாயு அடுப்பில் அந்த நிறம் வரக் கூடாது. தீ நீலமாகவும், அசையாமலும், தெளிந்த விளிம்போடும் இருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைத் துடைக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பாத்திரம் கறுத்துவிடுமே என்ற கவலையில்தான் அதைச் செய்வார்கள். கரி பிடிக்கும் தீ நஞ்சையும் உண்டாக்குகிறது என்பதால் மூடிய வண்டியில் அது உயிர்ப் பிரச்சினை.

மூக்கை நம்பலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். சிலிண்டர் கசிந்தால் வரும் அந்த நாற்றம், கசிவை நாம் உணர வேண்டும் என்பதற்காகவே எரிவாயுவில் சேர்க்கும் எத்தில் மெர்காப்டனுடையது. எரிவாயு எரிந்து முடிந்த பின் அந்த நாற்றம் இருக்காது. கார்பன் மோனாக்சைடில் அதை யாரும் சேர்த்து வைக்கவும் இல்லை. ஆகவே வண்டிக்குள் இரண்டு தனித்தனி எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும் என்பதால் அதற்கான கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடையே கொண்டது, வண்டி முழுதும் ஒரே சீராகக் கலக்கும் என்பதால் அதன் கருவியைப் படுக்கும்போது நம் தலை இருக்கும் உயரத்தில், திரைச்சீலையோ அலமாரிக் கதவோ மறைக்காத இடத்தில் மாட்ட வேண்டும். வீட்டுக்கென்று விற்பதை வாங்கி மாட்டாமல், ஓடும் வண்டியின் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்கும் வகையைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரத்தில் அதற்கான எண் ஈ.என். 50291-2. அந்தத் தரப்படி காற்றில் 10 லட்சத்துக்கு 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் கருவி அலற வேண்டும். கருவியின் முதுகில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். உள்ளே இருக்கும் உணரி சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், பொத்தானை அழுத்தினால் கேட்கும் சத்தம் அதைச் சரிவரக் காட்டாது. கருவி இருக்கிறதே என்று ஓட்டையை அடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிலிண்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இதற்கானது அன்று. நாங்கள் 5 கிலோ சிலிண்டரை வைத்திருக்கிறோம். அது படுக்கைப் பகுதியோடு தொடர்பே இல்லாத, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப் பெட்டியில், நிமிர்ந்த நிலையில், பட்டையால் கட்டப்பட்டு நிற்கிறது. பெட்டியின் அடியிலும் ஒரு ஓட்டை உண்டு. கசிந்த வாயு அதன் வழியே தரைக்குப் போய்விடும். வண்டி ஓடும்போது வால்வு எப்போதும் மூடியிருக்கும். குளியலறைக்கு வீட்டு கேஸ் கீசரைப் பொருத்தித் தருவதாக ஒரு மெக்கானிக் ஆசை காட்டினார். அறைக் காற்றையே எடுத்து, எரித்து, அறைக்குள்ளேயே விடும் கீசர், வீட்டின் குளியலறைகளிலேயே எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. வண்டிக்கு உகந்தது, எரியும் பகுதி முழுதும் உறைக்குள் மூடப்பட்டு, வெளிக்காற்றை எடுத்துப் புகையையும் வெளியே விடும் வகை மட்டுமே. அது கிடைக்காதவரை வெந்நீரை வெளியே செங்கல் அடுப்பில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம்.

அடுப்பே இல்லாத வண்டியிலும் இந்த ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில், கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டித் தளத்தின் இடைவெளி வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், குளிருக்காக எரிவாயு ஹீட்டரை வைத்து அறையை அடைத்துப் படுத்த கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர், குழந்தைகள் உட்பட, எழுந்திருக்கவே இல்லை. வடகரைச் செய்தியைப் படித்த பிறகு எங்கள் தரை ஓட்டை சைலன்சருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தோம். குறுக்கே வண்டியின் முழு அகலமும் இடைவெளியாக இருந்தது. ஆனாலும் நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதில்லை. நம் பக்கத்தில் இது இன்னும் மோசம். அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. சைலன்சர் வைக்கோல் போருக்குள் முட்டிக்கொண்டிருப்பதை இரவில் யாரும் பார்ப்பதில்லை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றிலும், செப்டம்பர் 8-ஆம் தேதிப் பெருவிழாவுக்கு வேளாங்கண்ணியிலும் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். பக்கத்து வண்டியின் புகைக்குழாய் நம் ஜன்னலைப் பார்த்து நிற்கலாம். அணைந்துவிட்டது என்று நினைத்துக் கரி அடுப்பைக் குளிருக்கு உள்ளே எடுத்து வைப்பதும் இதே வகைதான். சாம்பல் பூத்த கரியிலிருந்து மணிக்கணக்கில் நஞ்சு வந்துகொண்டிருக்கும்.

வண்டிக்குள் இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணத்தை உள்ளே உட்கார்ந்து ஆராயாதீர்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்; வரும் வழியில் கை எட்டினால் மட்டும் அடுப்பை அணையுங்கள்; 108-ஐ அழையுங்கள். வெளியே வந்ததும் தலைவலி குறைந்தால் சரியாகிவிட்டது என்று திரும்ப உள்ளே போகக் கூடாது. அத்தைக்கு அன்று இரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தது மறுநாள் உறுதியானது; அடுத்த ஒரு மாதம் பெயர்களை மறந்தார், எங்களுக்குப் போடும் காப்பியில் இரண்டு முறை சர்க்கரை போட்டார். இப்படிச் சில வாரங்கள் கழித்தும் பாதிப்பு தலைகாட்டலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் நாங்கள் விடாமல் காட்டி வந்தோம், குணமானார்.

இந்த ஆண்டு மாசியில் திங்களூர் போகலாம் என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேல் ஓட்டையின் தகடுகளுக்கு இடையே விரல் கனத்தில் மண் படிந்திருப்பதைப் பார்த்தேன். குளவிக்கூடு. மூன்று அறைகள், மூன்றும் வாய் பூசியவை. வழியில் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. குச்சியை எடுத்த என் கையை அம்மா பிடித்துக்கொண்டார். தங்கை ஏழாம் மாதம். குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை வரும் என்பார்கள், அதை உடைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நானும் வற்புறுத்தவில்லை. சிலிண்டரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அந்தப் பயணம் முழுதும் புளியமர நிழலில் செங்கல் அடுக்கிச் சமைத்தோம். இரண்டு வாரம் கழித்து மூன்று அறைகளிலும் மிளகளவு துளைகள் தெரிந்தன, குஞ்சுகள் பறந்துவிட்டன. அன்று அம்மாவே விளக்குமாற்று ஈர்க்குச்சியோடு ஏணிக்குக் கீழே நின்று, மண் கடைசித் துகள்வரை உதிர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழ் ஓட்டையின் அருகே அத்தை மண்டியிட்டு, வலைக்கு மேலே உள்ளங்கையை விரித்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். வருகிறது என்றார். அதன் பிறகுதான் சிலிண்டரை மாட்டினேன்.